ஒரே பூஞ்சைக் குடும்பம்

சம்பாக் கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கும் மார்கழியில் மழை மூட்டம் நாலைந்து நாள் கலையாமல் நின்றால், வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் உருண்டைகள் தெரிய ஆரம்பிக்கும். ஒரு கதிரில் நாலோ ஐந்தோ மணிகள் மட்டும் அரிசியாகாமல் வீங்கி, உமியைப் பிளந்துகொண்டு வெளியே வரும். முதலில் ஆரஞ்சு கலந்த மஞ்சள், சில நாளில் பாசிப் பச்சை, அறுப்புக்குள் கறுப்பு. தொட்டால் விரலில் தூள் ஒட்டிக்கொள்ளும். வேட்டியில் தேய்த்தாலும் லேசில் போகாது. வேளாண் துறையினர் இதை நெற்பழ நோய் என்பார்கள். விளைச்சல் நன்றாக இருக்கும் வருஷத்தில் தலைகாட்டுவதால் இலட்சுமி நோய் என்ற பழைய பெயரும் உண்டு. மழையும் தழைச்சத்தும் மிகுந்த பருவம் நெல்லுக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு இந்தப் பூஞ்சைக்கும் பிடிக்கும். சிஆர் 1009 போன்ற நீண்டகால ரகத்தை நட்டு யூரியாவை அள்ளி வீசிய வயல்களில் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். கதிர் வெளிவரும் தறுவாயில் மருந்தடிக்கத் தவறினால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

1878ல் குக் என்ற ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர் இதை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டபோது அவர் கையில் இருந்தது திருநெல்வேலி நெல். உலகத்தின் நெல் வயல்களில் எல்லாம் இன்று காணப்படும் ஒரு நோய், அறிவியல் ஏட்டில் நம் மண்ணின் கதிரோடுதான் பதிவாகியிருக்கிறது. பிற்பாடு இதை கிளாவிசிபிட்டேசி என்ற பூஞ்சைக் குடும்பத்தில் சேர்த்தார்கள். அந்தக் குடும்பத்தின் பேர்போன உறுப்பினர், ஐரோப்பாவின் ரை தானியத்தில் வளரும் எர்காட். எல்.எஸ்.டி. பிறந்தது அதிலிருந்து. சைக்கடெலிக் மருந்துகளைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் காவிரிப் பாசன வயலிலிருந்து தொடங்குவதற்கு இந்த உறவுதான் காரணம்.

நெற்பழத்துக்கு மனத்தைப் பிறழச் செய்யும் குணம் இல்லை. அதன் நஞ்சு வேறு வகை. ஆனால் இந்தக் குடும்பத்தின் மற்றவர்களை நாம் வேறு இடங்களில் அறிவோம். கம்பங்கதிரில் தேன்துளிபோல வடியும் தேனொழுகல் நோய் எர்காட்டின் நேர் தம்பி. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டி, மிதப்பதை அள்ளி எறியும் வழக்கம் அதற்காக வந்தது. எறியாமல் மாவாக்கித் தின்றவர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வந்த சம்பவங்கள் இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. வேலியில் படரும் சமுத்திரப்பச்சைக் கொடியின் வெள்ளிமுதுகு இலையைக் கட்டிக்கு வைத்துக் கட்டுவார்கள். அதன் விதையில் எல்.எஸ்.டி.க்கு மிக நெருங்கிய ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. அந்தப் பொருளைச் செய்வது கொடி இல்லை, கொடியோடு ஒட்டி வாழும் ஒரு பூஞ்சை என்று கண்டிருக்கிறார்கள். அதுவும் இதே குடும்பம்.

ஐரோப்பாவில் எர்காட் கலந்த ரொட்டியைத் தின்ற ஊர்கள் கூட்டம் கூட்டமாக வதைபட்டன. கை கால் எரிச்சலெடுத்துக் கறுத்து உதிர்ந்தது, வலிப்பு வந்தது, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்தன. அந்தோனியார் பெயரில் ஒரு துறவியர் சபை இந்த நோயாளிகளுக்காகவே மருத்துவமனைகளை நடத்தியது. ஆனால் அதே எர்காட்டைப் பேறுகாலத்தில் மருத்துவச்சிகள் சிட்டிகையளவு கொடுத்துவந்தார்கள். 1582ல் ஒரு ஜெர்மானிய மூலிகை நூல் இதைக் குறிப்பிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டாக்டர்கள் பிரசவத்தை விரைவுபடுத்த இதைக் கையில் எடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே இறந்து பிறக்கும் குழந்தைகள் அதிகமாயின. நியூயார்க்கின் ஹோசாக் 1822ல் எச்சரித்தார்: குழந்தை பிறக்குமுன் இதைத் தராதீர்கள், பிறந்தபின் இரத்தப்போக்கை நிறுத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து மாறவில்லை. கொடுக்கும் நேரம் மாறியதும் அது உயிர் காக்கத் தொடங்கியது. 1935ல் மாய்ர், டட்லி இருவரும் எர்காட்டிலிருந்து கருப்பையைச் சுருக்கும் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே எர்காட்டை வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் கம்பெனி ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் அதிலிருந்து கிடைக்கும் லைசெர்ஜிக் அமிலத்தோடு ஒவ்வொரு துணுக்காக ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துணுக்கை ஒட்டியபோது மெத்தர்ஜின் கிடைத்தது. இன்னொன்றை ஒட்டியபோது, 1938ல், வரிசையில் இருபத்தைந்தாவதாக, எல்.எஸ்.டி. கிடைத்தது. ஒரே மனிதரின் ஒரே மேசையில் பிறந்த உடன்பிறப்புகள் இவை.

மெத்தர்ஜினை நம் பெண்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனையிலிருந்து கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையம் வரை, பிரசவம் பார்க்கும் எந்த இடத்திலும் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் அது இருக்கும். பழுப்புக் கண்ணாடிக் குப்பி, ஒரு மில்லி, அதற்குள் 0.2 மில்லிகிராம் மருந்து. வெளிச்சம் படக் கூடாது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் கருப்பை தளர்ந்தே கிடந்து இரத்தம் கொட்டினால், ஆக்சிடோசின் போட்டும் நிற்காவிட்டால், நர்ஸ் இதை எடுப்பார். எடுப்பதற்கு முன் இரத்த அழுத்தம் பார்ப்பார். கூடுதலாக இருந்தால் இந்த ஊசி கிடையாது. வயிற்றுக்குள் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொள்வார். போட்டபின் அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பை இறுகுகிறதா என்று தடவிக்கொண்டே நிற்பார். ஐரோப்பாவில் ஊர்களை அழித்த நஞ்சு, எடை, வெப்பம், வெளிச்சம், நேரம், ஒரு பெண்ணின் கை என்ற இத்தனை கட்டுகளுக்குள் வந்து மருந்தாகிறது. போர்க்காலத்தில் வெளிநாட்டு வரத்து நம்பமுடியாமல் போனபோது, நீலகிரியில் ரை பயிரிட்டு அதன் கதிரில் வேண்டுமென்றே இந்தப் பூஞ்சையை ஏற்றி எர்காட் எடுக்கும் வேலையைச் சென்னை மாகாண வேளாண் துறை செய்திருக்கிறது. நோயைப் பயிர் செய்தார்கள், பிள்ளை பெறுகிறவளுக்காக.

உடன்பிறப்பின் கதை வேறு திசையில் போனது. ஐந்து வருடம் அலமாரியில் கிடந்த எல்.எஸ்.டி.யை ஹாஃப்மன் 1943 ஏப்ரலில் மறுபடி தயாரித்தபோது தற்செயலாக அது அவர் உடம்பில் சேர்ந்தது. மூன்று நாள் கழித்து, 19ஆம் தேதி, வேண்டுமென்றே 250 மைக்ரோகிராம் சாப்பிட்டார். அன்று அவர் சைக்கிளில் வீடு திரும்பிய கதையை உலகம் கொண்டாட்டமாகச் சொல்கிறது. அவருக்கு அன்று பயம். தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, செத்துக்கொண்டிருக்கிறோம் என்ற பயம். ஆய்வக உதவியாளரான ஓர் இளம்பெண் அவர் கூடவே சைக்கிளில் வந்தார். பக்கத்து வீட்டம்மா பால் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் வந்து, உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லி, படுக்கை அருகில் இருந்தார். அதன் பிறகே பயம் விலகி அழகு தெரியத் தொடங்கியது. எனக்கு இந்தக் கதையில் முக்கியம் சைக்கிள் ஓட்டியவரைவிட அவரோடு இருந்த அந்த மூவர்.

அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த மூவரும் கதையிலிருந்து காணாமல்போனார்கள். மனநல மருத்துவர்கள் கைக்கு 1947ல் போன எல்.எஸ்.டி., அமெரிக்க உளவுத்துறையின் கைக்கும் போனது. நோயாளிகளுக்கும் கைதிகளுக்கும் அவர்கள் அறியாமலே கொடுக்கப்பட்டது. பிறகு தெருவுக்கு வந்தது. சாண்டோஸ் 1965ல் எல்.எஸ்.டி. தருவதை நிறுத்திக்கொண்டது. 1971ல் ஐ.நா. உடன்படிக்கை, அதன் வழியில் இந்தியாவில் 1985ன் போதைப்பொருள் சட்டம். அந்தச் சட்டம் பொருளைப் பார்க்கிறது, எடையைப் பார்க்கிறது. எல்.எஸ்.டி.யில் 0.002 கிராம் வரை சிறிய அளவு, 0.1 கிராமுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவென்றால் குறைந்தது பத்தாண்டு சிறை. கலவையில் இருக்கும் வேறு பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020ல் சொன்னது. மருந்து ஊறிய காகிதத்தின் எடையும் சேருமா என்று வழக்குகள் நடந்திருக்கின்றன. சேர்ந்தால், சட்டைப் பையில் சில காகிதத் துண்டு வைத்திருந்த கல்லூரிப் பையனும் வியாபாரியும் ஒரே தட்டில் நிற்பார்கள். மனத்தைத் திருப்பும் சைலோசைபின் கொண்ட காளானில் வேறு சிக்கல். வயநாடு வழக்கு ஒன்றில் கேரள உயர் நீதிமன்றம், காளான் இயற்கையில் முளைப்பது, அதைக் கலவை என்று முழு எடையையும் கணக்கிட முடியாது என்று 2025ல் கூறியிருக்கிறது. தராசைப் பற்றியே இத்தனை விவாதம். இதே சட்டத்தின் எட்டாம் பிரிவு மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் விதிகளுக்குட்பட்டு இடம் விடுகிறது. அந்தக் கதவை நம் மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் தட்டிப் பார்க்கவே இல்லை.

மனத்தைத் திருப்பும் செடி நமக்குப் புதிதா என்று கேட்டால், உடனே எல்லோரும் ஊமத்தையைக் காட்டுவார்கள். சிவனுக்கு உகந்த பூ. காவிரிக் கரையில் நின்று பாடிய தேவார மூவர் அவன் சடையில் அதை வைத்துப் பார்க்காத இடம் குறைவு. இங்கே ஒரு தெளிவு வேண்டும். ஊமத்தை தருவது வேறு அனுபவம். சட்ட மருத்துவ வகுப்பில் மாணவர்களிடம் மிளகாய் விதையையும் ஊமத்தை விதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். வழிப்பறிக்காரர்கள் சோற்றில் கலந்து கொடுத்த காலத்திலிருந்து வரும் பாடம் அது. மிளகாய் விதை மஞ்சள், வழவழப்பு. ஊமத்தை விதை பழுப்பு, சிறுநீரக வடிவம், மேலெல்லாம் சிறு குழிகள். உட்கொண்டவருக்கு வாய் உலரும், கண்மணி விரியும், தோல் சூடாகிச் சிவக்கும். பேச்சு முணுமுணுப்பாகும். படுக்கைத் துணியைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். விரல் நுனியிலிருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டே இருப்பார். தெளிந்தபின் நடந்தது பெரும்பாலும் நினைவில் இருக்காது; தெளியாமல் போனவர்களும் உண்டு. எல்.எஸ்.டி.யும் சைலோசைபினும் நினைவை அழிப்பதில்லை. அடியில் கிடப்பதை மேலே கொண்டுவருவதே அவற்றின் இயல்பு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, எங்கள் சித்தர்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்வது ஆபத்தான பெருமை. ஊமத்தைச் சாறைத் துருசும் தேங்காயெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி ஆறாத புண்ணுக்குப் போடும் மத்தன் தைலமாக்கினார்களே, அந்த எச்சரிக்கையைக் கொண்டாடலாம். உள்ளே போகக் கூடாததை வெளியே பூசத் தெரிந்தவர்கள் அவர்கள்.

காளானுக்கு வருகிறேன். சாணத்தில் முளைத்து, கிள்ளினால் நீலம் பாயும் ஒரு காளான் வெப்ப நாடுகளில் எங்கும் உண்டு. அதை 1871ல் பெர்க்லியும் புரூமும் விவரித்தது இலங்கையில் எடுத்த மாதிரியிலிருந்து. எங்கள் பக்கத்துப் பாட்டிகள் மழை விட்ட காலையில் புற்றுக் காளானைக் கூடையில் பறித்துவருவார்கள். சாணிக் காளானைத் தொடவிட மாட்டார்கள். இன்று பிள்ளைகள் அதைத் தேடிக் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

அப்படிப் போய்வந்த ஒரு பையன் எனக்குத் தெரியும், உறவு முறையில் மகன். அவன் அப்பா 2017 தையில் இறந்தார். முந்தைய வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, ஆற்றிலும் தண்ணீர் வராமல், டெல்டாவில் சம்பா கருகிய நேரம். வயலுக்குப் போனவர் வரப்பிலேயே சாய்ந்தார், மாரடைப்பு என்றார்கள். நகை அடகில் இருந்தது. அப்போது பையன் பள்ளிக்கூடத்தில். சில வருஷம் கழித்துக் கல்லூரி நண்பர்களோடு மலைக்குப் போனான். யாரோ ஒருவன் தேனில் போட்டு விற்ற காளானை லாட்ஜ் அறையில் தின்றார்கள். மற்றவர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

“அப்பா காஞ்ச வயல்ல நின்னுட்டிருந்தாரு சித்தப்பா. முதுகுதான் தெரியுது. கூப்புடுறேன், கூப்புடுறேன், திரும்பவே மாட்டேங்குறாரு.”

“பயந்துட்டியா தம்பி?”

“பயமில்ல. அழுக வந்துச்சு. அவர் செத்தப்பகூட நான் அப்படி அழல. ஆனா அழுகுறப்ப பக்கத்துல ஒருத்தர்கூட இல்ல. விடியிற வரைக்கும் கட்டிலுக்குக் கீழேயே கெடந்தேன்.”

அதன் பிறகு பல வாரம் அவனுக்குத் தூக்கம் இல்லை. விளக்கை அணைத்தால் வயல் வந்தது. அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. டாக்டரிடம் போனால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஒருநாள் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னான், கடைசியில் மருத்துவரிடமும் போனான், தேறினான். அவனைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குள் அழப்படாமல் இருந்தது உண்மையான துக்கம். அந்தக் காளான் அதைத் திறந்தது. திறந்ததைத் தாங்கிப் பிடிக்க அறையில் ஆள் இல்லை.

இப்போது மேல்நாட்டு மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு அந்த லாட்ஜ் அறையே நினைவுக்கு வருகிறது. பல மருந்துகளுக்கும் அசையாத மனச்சோர்வு உள்ள 233 பேரிடம் நடத்திய சைலோசைபின் ஆய்வு 2022ல் வெளியானது. 25 மில்லிகிராம் ஒரே ஒருமுறை பெற்றவர்களிடம், வெறும் ஒரு மில்லிகிராம் பெற்றவர்களைவிட, மூன்றாவது வாரத்தில் சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. தலைவலி, குமட்டல், சிலரிடம் தற்கொலை எண்ணம் போன்ற தொந்தரவுகளும் பதிவாயின. ஆனால் மருந்து கொடுத்த முறையைப் பாருங்கள். முன்கூட்டிப் பல மணி நேரம் பேசுகிறார்கள். அந்த நாளில் அமைதியான அறை, கண்ணுக்குத் துணி, இசை, ஆறு மணி நேரத்துக்கு மேல் நகராமல் கூட உட்காரும் பயிற்சி பெற்ற ஆள். மறுநாளும் அதன் பிறகும் வந்ததைப் பேசித் தீர்க்கிறார்கள். 2023 ஜூலையில் ஆஸ்திரேலியா குறிப்பிட்ட மனநல மருத்துவர்களுக்கு சைலோசைபினையும் எம்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு மருந்தையும் அனுமதித்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துத் துறை எம்.டி.எம்.ஏ. விண்ணப்பத்தை ஏற்காமல் இன்னும் ஆய்வு வேண்டும் என்றது. அந்த ஆய்வுகளில் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது கலந்துகொண்டவர்களுக்கே தெரிந்துபோயிருந்தது. நோயாளியிடம் எல்லை மீறிய சிகிச்சையாளர்கள் பற்றிய புகாரும் இருந்தது. கூட உட்காருபவர் காப்பாற்றலாம், கெடுக்கவும் செய்யலாம். மனம் முழுவதும் திறந்து கிடக்கும் நேரம் அது.

கும்பகோணத்துக்கு அருகே திருவிடைமருதூரில் ஒரு வழக்கம் உண்டு. அதன் பின்னால் ஒரு கதை: வரகுண பாண்டியன் ஏறிவந்த குதிரையின் காலில் ஒரு பிராமணன் சிக்கி இறந்துபோக, அந்தப் பாவம் பிரமகத்தியாக அவனைத் துரத்துகிறது. உறக்கமில்லை, உணவில்லை. கிழக்கு வாசல் வழியாக அவன் மகாலிங்கசுவாமி கோயிலுக்குள் நுழையும்போது அது வெளியிலேயே நின்றுவிடுகிறது. அவன் மேற்கு வாசல் வழியாக வெளியேறிவிடுகிறான். இன்றும் அந்தத் தோஷத்துக்காக வருபவர்கள் நுழைந்த வாசல் வழியே திரும்புவதில்லை. மனம் கலங்கியவர்களை வீட்டார் கைப்பிடித்து அழைத்துவருவதை அங்கே பார்த்திருக்கிறேன். கிழக்குக் கோபுரத்தடியில் தயங்கும் ஒரு பெண்ணை அவள் மாமியார், “வா கண்ணு, நான் இருக்கேன்ல” என்று உள்ளே நடத்திப் போனார். இது மருத்துவம் என்று நான் வாதாட மாட்டேன். ஏர்வாடி தர்காவை அண்டிய மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டபடியே 28 பேர் தீயில் வெந்ததை மறந்துவிட்டு நம்பிக்கையின் பெருமை பேச முடியாது. ஆனால் குற்றவுணர்வோ துக்கமோ ஒருவரைத் துரத்தும்போது, உள்ளே நுழைய ஓர் இடமும், கூட நடக்க ஓர் ஆளும், வந்த வழியே திரும்பாமல் வெளியேற ஒரு வாசலும் வேண்டும் என்பதை இந்த ஊர் கல்லிலேயே கட்டி வைத்திருக்கிறது.

தஞ்சையிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது, அதுதான் இப்போது அதிகம் தேவைப்படுவது. மன்னர் இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியர்களையும் ஐரோப்பிய முறை தெரிந்தவர்களையும் கூட்டி மருந்துகளைச் சோதிக்கச் செய்தார். குணம் தெரிந்த முறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் தமிழ்ப் பாட்டாக எழுதப்பட்டன. சரசுவதி மகால் நூலகம் அவற்றைப் பதிப்பித்திருக்கிறது. கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து, என்ன சிகிச்சை, என்ன ஆயிற்று என்று குறித்துவைத்த பதிவேடுகளும் உண்டு. பரம்பரை அறிவு என்றும் மேல்நாட்டு அறிவு என்றும் சண்டை போடாமல், கொடுத்துப் பார்த்து, நடந்ததை எழுதி வைத்தார்கள்.

அந்த வேலையை இன்று யார் செய்வது? மயக்க மருந்தான கெட்டமின் நம் அறுவை அரங்குகளில் பல ஆண்டுகளாக இருக்கிறது. தெருவுக்குப் போனதால் 2013ல் அதற்குக் கடுமையான விற்பனைக் கட்டுப்பாடு வந்தது. ஆனால் மருத்துவமனையிலிருந்து அதை யாரும் எடுத்துவிடவில்லை. மனச்சோர்வுக்கும் சில மனநல மருத்துவர்கள் தருகிறார்கள். ஆபத்தான பொருளைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்துப் பயன்படுத்த இந்த நாட்டுக்குத் தெரியும். சைலோசைபினுக்கும் அதே ஒழுங்கில் ஆய்வு தொடங்கலாம். எனக்கிருக்கும் கவலை வேறு. அனுமதி வந்தால் அது முதலில் மலை ரிசார்ட்டுகளுக்குப் போகும். சில லட்சம் கட்டக்கூடியவர்கள் பஞ்சணையில் சாய்ந்து அகத்தைத் தேடுவார்கள். ஒரத்தநாட்டில் நாற்று நடும் விதவையின் தூக்கமின்மை, அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் ஐந்து நிமிஷமும் ஒரு வாரத்து மாத்திரையுமாக அப்படியே நிற்கும். ஆறு மணி நேரம் அவளோடு உட்கார மருத்துவருக்கு நேரம் இல்லை என்பது உண்மை. மருத்துவர்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. கோவாவில் சங்காத் அமைப்பு, மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கு ஆலோசனை தரவைத்துப் பலன் கண்டிருக்கிறது; அந்த முடிவுகள் லான்செட் இதழில் வந்தவை. நம் கிராம சுகாதார நர்ஸுகள் பிரசவத்தின் ஆபத்தான மணி நேரங்களைக் கையாளப் பயின்றவர்கள். இதையும் பயில்வார்கள்.

ஆகவே முதல் ஆய்வு தஞ்சாவூர், திருச்சி போன்ற ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில், இலவசமாக, நெறிமுறைக் குழுவின் கண்பார்வையில், தீவிர மனநோய்க் குடும்ப வரலாறு உள்ளவர்களைச் சேர்க்காமல், தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தோடு நடக்க வேண்டும். பலன் இல்லை என்று தெரிந்தால் அதையும் அப்படியே வெளியிட வேண்டும். பதிவேட்டில் மருந்தின் அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அன்று முழுவதும் கூட உட்கார்ந்திருந்தவரின் பெயரையும், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும்.